ரீசெட் காலும் அறுநூறு லிட்டர் பாலும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். தங்கமணி அடுப்படியில் சாபுதானா கிச்சடிக்கு வேர்க்கடலை பொடித்துக்கொண்டிருந்தார். (இருபது வருஷத்துக்கு மேல் புனே வாசம். இட்லி தோசை ராஜ்ஜியத்தில் இதற்கும் ஒரு சீட் கொடுத்தாகிவிட்டது.) சாப்பாட்டு மேசையை மகள் ஆக்கிரமித்திருந்தாள். பால்கனிச் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடும் பெட்டி ஒன்று செய்கிறாளாம். ரெடிமேட் ஆர்டுயினோ போர்டு வேண்டாம், ஏடிமெகா328பி சிப்பைத் தனியாக வாங்கி, தானே போர்டு போடப்போகிறாளாம். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நான் பென்சிலால் கிறுக்கிக் கொடுத்த சர்க்யூட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, ரீசெட் பின்னுல ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கீங்களே, அது வேஸ்ட். சிப்புக்கு உள்ளேயே இருக்குன்னு டேட்டாஷீட்ல போட்டிருக்கு."

எனக்கு வயிற்றில் எதுவோ புரண்டது. இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே தோரணையில், 2006-ல் நான் சொல்லியிருக்கிறேன். மீட்டிங்கில், முதலாளி முன்னால். பாராட்டும் வாங்கினேன்.

ரெசிஸ்டர் பாடமா என்று ஓடிவிடாதீர்கள் மக்களே. பாடம் கொஞ்சம் வரும், பால் நிறைய வரும். கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுற்ற விடுங்கள்.

நான் புனேவுக்கு வந்தது 2003-ல். நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஈசிஇ முடித்துவிட்டு, போசரி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தம் பதினோரு பேர். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 8051. அதில் ரீசெட் தலைகீழ். காலுக்கு ஐந்து வோல்ட் கொடுத்தால் ரீசெட், தரையில் கிடந்தால் வேலை நடக்கும். சப்ளைக்கு ஒரு 10 மைக்ரோ ஃபாரட், தரைக்கு ஒரு 8.2கே. ஏன் 8.2கே என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வைவாவில் கேட்டால் படத்தைப் போட்டுக்காட்டி மார்க் வாங்கிக்கொள்வது, அவ்வளவுதான்.

கம்பெனியில் ஏடிமெகா8. இதில் ரீசெட் கால் எப்போதும் மேலே, சப்ளை வோல்டேஜில் இருக்கவேண்டும். கீழே இழுத்தால் சிப் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்படி மேலே பிடித்து வைத்திருக்கும் ரெசிஸ்டருக்குத்தான் புல்-அப் என்று பேர். சிப்புக்கு உள்ளேயே ஒன்று உண்டு, 30கே-யிலிருந்து 80கே வரை எதுவாகவும் இருக்கலாம். மகள் வைத்திருக்கும் 328பி-யில் 30 முதல் 60 வரை.

நாங்கள் செய்தது கிராமத்துப் பால் குளிரூட்டும் தொட்டிகளுக்கான கன்ட்ரோலர். சாயங்காலம் வீட்டு வீட்டுக்குக் கறந்த பால் சொசைட்டிக்கு வரும். பெரிய ஸ்டீல் தொட்டியில் ஊற்றி, கலக்கிக்கொண்டே நாலு டிகிரிக்குக் கொண்டுபோகவேண்டும். காலையில் டேங்கர் வந்து எடுத்துக்கொள்ளும். கறந்த சூட்டிலேயே ராத்திரி முழுக்கக் கிடந்தால் அது பால் இல்லை.

போர்டு விலையைக் குறைக்கச் சொன்னார் முதலாளி. நான் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக அடித்தேன். ஆர்7, பத்து கே, ரீசெட் புல்-அப். "உள்ளேயே இருக்கு சார்." அடி. சி9, அதே காலிலிருந்து தரைக்கு 100 நானோ ஃபாரட். "ஆர்7 இல்லாட்டி இதுவும் எதுக்கு?" அடி. இரண்டும் சேர்ந்து ஒரு ரூபாய் பெறாது. ஆனால் ஆயிரம் போர்டு என்று பெருக்கிக் காட்டினால் எதுவும் பெரிசாகத்தான் தெரியும். பிசிபி-யில் அந்த இரண்டு இடமும் காலியாக, ஈயம் பூசிய புள்ளிகளாக நின்றன.

அதே சமயம் வாடிக்கையாளர்கள் வேறொன்று கேட்டார்கள். கன்ட்ரோலர் எப்போதாவது முழித்தால் அமுக்க, பேனல் கதவில் ஒரு பட்டன். கொடுத்தோம். ரீசெட் காலிலிருந்து அரை மீட்டர் வயர் இழுத்துக் கதவுக்குக் கொண்டுபோனோம். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஏப்ரல், மே, ஜூன், ஒரு புகார் இல்லை. ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. சாத்தாரா ஜில்லாப் பக்கம் மழை என்றால் நம் ஊர் ஐப்பசி மழை மாதிரி வந்துவிட்டுப் போவதில்லை, வந்து குடியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை சொசைட்டியிலிருந்து போன். வயரிங் செய்த பாவுவையும் என்னையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார் முதலாளி. (பாவு என்றால் மராத்தியில் அண்ணன். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நாற்பது வயசிருக்கும். அவர் கட்டிய வயர் கட்டைப் பார்த்தால் கல்யாண வீட்டு மல்லிகைச் சரம் மாதிரி இருக்கும்.)

சொசைட்டி வாசலுக்குப் போகும்போதே நாற்றம். அறுநூறு லிட்டரையும் வடிகாலில் திறந்துவிட்டிருந்தார்கள். செக்ரெட்டரி காகா கத்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "தூத் நாசலம்" என்றார். எனக்கு அப்போது மராத்தி அரைகுறைதான். ஆனால் இதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை, நம் 'நாசம்' அதிலேயே உட்கார்ந்திருந்தது. எழுபது வீட்டுப் பால். ரெண்டு எருமை, ஒரு பசு வைத்திருக்கும் வீடுகள்.

ராத்திரி காவலிருந்த பையன் பாவம், மிரண்டு போயிருந்தான். "மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துது சார். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை டக், டக்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது" என்றான். அந்த டக், டக்கில்தான் முழுக் கதையும் இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பேனலைத் திறந்தேன். பட்டனுக்குப் போகும் வயர், காண்டாக்டர் வயர்களோடு சேர்த்து, ஒரே கட்டாக, வரிசையாக டை போட்டுக் கட்டியிருந்தது. போனில் முதலாளி, "வயரிங் கோளாறுதானே?" என்றார் இங்கிலீஷில். நான், "ஆமா சார், சிக்னல் வயரையும் பவர் வயரையும் சேர்த்துக் கட்டியிருக்கார்" என்றேன்.

பொய் இல்லை. அப்படித்தான் கட்டியிருந்தார். பிரித்துக் கட்டச் சொல்லி அவரிடம் யாரும் சொன்னதில்லை என்பதை நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பாவுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயரைப் பிரித்துத் தனியாக விட்டார், கன்ட்ரோலர் ஒழுங்காக ஓடியது, ஜீப்பில் திரும்பி வந்தோம். அந்த மாதம் அவருடைய பில்லில் நாலாயிரம் ரூபாயைப் பிடித்துவைத்தார்கள்.

அடுத்த வாரம் இன்னொரு ஊரிலிருந்து போன். அங்கே பால் தப்பித்தது, ஆள் முழித்திருந்ததால். அந்த பேனலில் வயர் தனியாகத்தான் போயிருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஆபீசில் உட்கார்ந்து, முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். ஏடிமெகா8-ல் எம்சியூசிஎஸ்ஆர் என்று ஒரு ரிஜிஸ்டர் உண்டு. கடைசியாக ஏன் ரீசெட் ஆனேன் என்று சிப்பே குறித்து வைத்துக்கொள்ளும். கரன்ட் வந்ததாலா, வோல்டேஜ் இறங்கியதாலா, வாட்ச்டாக் கடித்ததாலா, வெளியிலிருந்து காலை யாராவது இழுத்ததாலா, நாலுக்கும் நாலு பிட். அதைப் படித்து டிஸ்பிளேயில் காட்டும்படி புரோகிராமை மாற்றி, பல்புக்குப் பதில் நிஜக் காண்டாக்டரை மாட்டினேன். (அதுவரை எங்கள் லேபில் சோதனை எல்லாம் நூறு வாட்ஸ் பல்பை வைத்துத்தான். பல்பு யாரையும் உதைக்காது.) காண்டாக்டர் விடும்போது டிஸ்பிளேயில் தெரிந்தது: வெளி ரீசெட். பத்து தடவை விட்டால் மூன்று நாலு தடவை.

அப்போதுதான் டக், டக் புரிந்தது. புரோகிராம் ஆரம்பித்ததும் முதல் இரண்டு நிமிஷம் கலக்கி மட்டும் ஓடும், தொட்டி முழுக்க ஒரே சூடாகட்டும் என்று நான் வைத்தது. கம்ப்ரசரைக் காப்பாற்ற மூன்று நிமிஷக் காத்திருப்பு, அதுவும் நான் வைத்தது. இரண்டாவது நிமிஷம் கலக்கியின் காண்டாக்டர் விடுகிறது, அதன் காயில் உதைக்கிறது, சிப் ரீசெட். மறுபடி முதலிலிருந்து இரண்டு நிமிஷம். மூன்றாவது நிமிஷம் வரவே வராது. சொசைட்டியில் அன்றிருந்த ஈரத்தில் ஒவ்வொரு உதையும் பலித்திருக்கிறது. ராத்திரி முழுக்கக் கலக்கி சுற்றிக்கொண்டே இருந்தது, கம்ப்ரசர் ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். அரை மீட்டர் ஜோடி வயருக்குச் சுமார் 50 பிக்கோ ஃபாரட் கொள்ளளவு. உள்ளே இருக்கும் புல்-அப்பை 50கே என்று வைத்தால், கீழே தள்ளப்பட்ட கால் மறுபடி மேலே ஏற 2.5 மைக்ரோ செகண்ட் அளவில் எடுத்துக்கொள்ளும். சிப் ரீசெட் ஆக ஒன்றிரண்டு மைக்ரோ செகண்ட் போதும். அதே இடத்தில் 10கே இருந்திருந்தால் அரை மைக்ரோ செகண்ட். தேர்க்கூட்டத்தில் குழந்தையைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு போவதற்கும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம். நான் விரலைத்தான் கொடுத்திருந்தேன்.

ரெசிஸ்டர் மட்டும் போதுமா என்றால், போதாது. பக்கத்து வயரிலிருந்து 10 பிக்கோ ஃபாரட் வழியாக 500 வோல்ட் உதை வந்தால், 5 நானோ கூலும் சார்ஜ் வந்து விழும். காலில் 100 நானோ ஃபாரட் இருந்தால் அந்தச் சார்ஜால் வோல்டேஜ் அசைவது 0.05 வோல்ட், சிப் திரும்பிக்கூடப் பார்க்காது. அடியை வாங்கிக்கொள்வது கெப்பாசிட்டர், மறுபடி நிமிர்த்தி வைப்பது ரெசிஸ்டர். இரண்டையும் ஒரே நாளில் அடித்த மகானுபாவன் நான்.

அப்புறம், ஏப்ரலில் வராதது ஜூலையில் ஏன் வந்தது? பால் அறையைத் தினமும் வெந்நீர் விட்டுக் கழுவுவார்கள். மழைக்காலத்தில் ஈரம் காயாது. போர்டில் ஃப்ளக்ஸ் மிச்சமும் ஈரமும் சேர்ந்தால் ரீசெட் காலிலிருந்து தரைக்கு ஒரு கசிவு. அது ஒரு லட்சம் ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50கே புல்-அப்போடு கால் நிற்கும் இடம் 3.3 வோல்ட். ஏடிமெகா8 டேட்டாஷீட்டோ சப்ளையில் 90 சதவீதத்துக்கு மேல், அதாவது 4.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் உத்தரவாதம் என்கிறது. 10கே போட்டால் 4.5, தப்பித்தோம் பிழைத்தோம் கணக்கு. 4.7கே என்றால் 4.8. ஈரமான இடத்துக்குப் போகும் போர்டு என்றால் இன்றைக்கும் நான் 4.7கே-தான் போடுகிறேன்.

விடை கிடைத்த ராத்திரியே முதலாளியிடம் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஐந்து நாள் ஆனது. கல்யாணமாகி எட்டு மாசம், வாடகை வீடு, ஊரில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன். வேலை போனால் என்ன செய்வது என்று ராத்திரியில் புரண்டுகொண்டிருந்தேன். தங்கமணிதான் கேட்டார், "ஏங்க, அந்த மனுஷனுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று. எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாகக் கூட வேலை பார்க்கிறவர்.

ஆறாவது நாள் சொன்னேன். ஆர்7, சி9, ரிஜிஸ்டர், கணக்குப் பேப்பர், எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். முதலாளி ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "கிதி போர்ட்?" எத்தனை போர்டு?

நாற்பத்திரண்டு. அந்த மழைக்காலத்துச் சனிக்கிழமைகள் பூராவும் சாத்தாரா, சாங்கலி, கோலாப்பூர் என்று எஸ்டி பஸ்ஸில் அலைந்தேன். பையில் சோல்டரிங் அயர்ன், ஈயம், ஒரு பொட்டலம் 10கே, ஒரு பொட்டலம் 4.7கே, கெப்பாசிட்டர்கள். பட்டன் வயரில் தொடராக ஒரு 330 ஓம், பட்டனை அமுக்கும்போது கெப்பாசிட்டர் சடாரென்று காலியாகித் தீப்பொறி விடாமல் இருக்க. ரீசெட் காலிலிருந்து சப்ளைக்கு ஒரு 1என்4148 டயோடு. ஏவிஆர் சிப்புகளில் 12 வோல்ட் கொடுத்து புரோகிராம் செய்யும் வசதி இந்தக் காலில்தான் இருக்கிறது, அதனால் மற்ற கால்களுக்கு உள்ளே இருக்கும் காவல் டயோடு இதற்கு மட்டும் கிடையாது. காண்டாக்டர் காயில் மேலேயே ஒரு 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும், உதையைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க.

பாவுவிடம் சொன்னது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. மராத்தியில் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை பற்றவில்லை. தப்பு என்னுடையது, உங்கள் வயரிங் இல்லை, பணம் வந்துவிடும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டார், "மக வாயர் குடூன் ந்யாய்ச்சி?" சரி, அப்போ வயரை எந்தப் பக்கமாகக் கொண்டு போகட்டும்? படம் போட்டுக் காட்டினேன். படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாலாயிரம் அவருக்கு வந்துசேர இரண்டு மாசம் ஆனது. சொசைட்டிக்குப் பாலின் விலையைக் கம்பெனி கொடுத்தது. செக்ரெட்டரி காகா அதற்கப்புறம் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கதையை மகளிடம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. கேட்டுவிட்டு, "அப்போ இன்னும் கம்மியா போட்டா இன்னும் நல்லதுதானே? நூறு ஓம் போட்டுடலாமே?" என்றாள். நியாயமான கேள்வி. நூறு ஓம் போட்டால் பட்டனை அமுக்கும்போது 50 மில்லி ஆம்ப் ஓடும். அதைவிட முக்கியம், புரோகிராமரும் இதே காலைக் கீழே இழுத்துத்தான் வேலையை ஆரம்பிக்கும். மணிக்கட்டைப் பிடிக்கலாம், விலங்கு போட்டுவிடக்கூடாது. எஸ்டிகே500 மாதிரியான புரோகிராமருக்கு 4.7கே-க்குக் குறையாமல் இருக்கட்டும் என்று ஆட்மெல்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள் (2016-ல் மைக்ரோசிப் அவர்களை வாங்கிவிட்டது, அறிவுரை மாறவில்லை). டீபக்வயர் உபயோகித்தால் 10கே-க்குக் குறையக்கூடாது, கெப்பாசிட்டரும் கூடாது.

"அப்போ நூறு கே? பாட்டரி மிச்சமாகுமே?" இது நிறையப் பேருக்கு வரும் சந்தேகம், என்னிடம் வேலை பார்க்கும் பையன்களே கேட்பார்கள். பட்டனை அமுக்காத நேரத்தில் அந்த ரெசிஸ்டர் வழியாகக் கரன்டே ஓடாது. வருஷத்தில் நாலு தடவை அமுக்கும் பட்டனுக்கு அரை மில்லி ஆம்ப் மிச்சம் பிடித்து எந்தக் கோட்டையைக் கட்ட? சிப்புக்குச் சிப் வழக்கமும் மாறும். எஸ்டிஎம்32-ல் உள்ளேயே 40கே வாக்கில் உண்டு, வெளியே 100 நானோ ஃபாரட் போடச் சொல்வார்கள். அந்தக் கால் சிப்பிலிருந்து வெளியேயும் இழுக்கும் என்பதால் நேராகச் சப்ளையில் கட்டிவிடக்கூடாது. ஈஎஸ்பி32-க்கு 10கே-யும் ஒரு மைக்ரோ ஃபாரடும். ஆர்டுயினோ யூனோவில் 100 நானோ ஃபாரட் தரைக்குப் போகாமல் யூஎஸ்பி பக்கத்திலிருந்து தொடராக வருகிறது, அதைப் பார்த்துத் தரைக்கும் ஒன்று போட்டால் தானாக ரீசெட் ஆகிப் புரோகிராம் ஏறும் வித்தை பலிக்காது. மகள் தனிப் புரோகிராமர் வைத்திருக்கிறாள், அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய பிஸ்கட் டப்பாவைக் கொட்டி, பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று தானே தேடி எடுத்தாள். காலை மடக்கி, ஓட்டையில் சொருகி, ஈயம் வைத்தாள். என்னைவிட நன்றாகவே வைக்கிறாள். புகையை ஊதிவிட்டு, தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"அப்பா, அந்தப் பாவுகிட்ட அன்னைக்கு ஜீப்புல வரும்போதே ஏன்ப்பா சொல்லல?"

"அப்போ ரெசிஸ்டர்னு தெரியாதும்மா" என்றேன்.

"வயரைப் பிரிச்சுக் கட்டணும்னு அவருக்கு யாரும் சொல்லலைங்கிறது தெரியுமில்ல?"

அடுப்படியில் மிக்ஸி நின்றது. 100 நானோ கெப்பாசிட்டர் எங்கே போச்சு என்று நான் மேசைக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தேன்.